ஸ்டாருக்கு முந்திய பன்னிரண்டு விநாடிகள்

நான்காவது மாடியின் கடைசிப் படியில் கால் இடறி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அவள் எழுந்தபோது மணி பத்து நாற்பத்தொன்று. பதினொரு மணிக்கு அந்தப் பதிவு தானாகவே அழிந்துவிடும்.

லிஃப்ட் ஓடி ஒரு மாதம் ஆகிறது. அதைப் பற்றி வந்த புகார் 'தீர்ந்தது' என்று மூடப்பட்டு மூன்று வாரம் ஆகிறது. மூடியவளும் அவள்தான். அதை நினைத்துச் சிரிக்க இப்போது நேரமில்லை. சர்வர் அறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள்.

உள்ளே மார்கழிக் குளிர். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இரும்பு அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த சர்வர் அண்ணன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"என்ன பதினொண்ணு, நாய் துரத்துச்சா?"

மாநகராட்சியின் புகார் மையத்தில் பதினான்கு மேஜைகள். அவளுடையது பதினொன்றாவது. எட்டு வருஷமாக அந்த எண்தான் அவள் பெயர்.

"அண்ணே, ஒரு போன் காலோட ரெக்கார்டிங் வேணும். சரியா முப்பது நாளைக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை. பகல் பதினொரு மணிக்கு நான் பேசுனது. முழுசா வேணும்."

"கடுதாசி எங்க? அதிகாரி கையெழுத்து எங்க?"

"கையெழுத்து வாங்கிட்டு வர்றதுக்குள்ள அது ஆவியாயிடும்ணே."

"முப்பது நாளுன்னு வெச்சதே அது ஆவியாகறதுக்குத்தானே." அவர் அவளுடைய முழங்காலைப் பார்த்தார். புடவையில் ரத்தம் கசிந்திருந்தது. "அந்த சாவிக்காரன் கேஸா?"

 பென் டிரைவை நீட்டினாள்.

சர்வர் அண்ணன் பெருமூச்சு விட்டு எழுந்தார். "திரையில அந்தத் தேதியைத் திறந்து வெச்சிருக்கேன். நான் டீ குடிக்கப் போறேன். நான் போனப்போ இங்க யாரும் இல்லை, திரும்பி வந்தப்பவும் யாரும் இல்லை. புரியுதா?"

பத்து ஐம்பத்து நான்குக்குப் பதிவு டிரைவில் ஏறி முடிந்தது. மொத்தம் ஒரு நிமிஷம் இருபத்தாறு விநாடி. டிரைவைப் பிடுங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு இறங்கினாள். கீழே, தரைத்தள அரங்கத்தில், பதினொரு மணிக்கு விளக்கக் கூட்டம்.

பதினெட்டு நாளைக்கு முன்னால் ஒரு சுவர் விழுந்தது. மாநகராட்சிக்குச் சொந்தமான பழைய கிடங்கின் சுற்றுச்சுவர். அதன் அடியில் ஒரு சாவிக்காரர் கடை. கடை என்றால் ஒரு மேஜை, ஒரு குடை, சாவி அறுக்கும் ஒரு மெஷின். இடத்தை ஒதுக்கியதே மாநகராட்சிதான். உரிம எண்ணை அந்தச் சுவரிலேயே பெயின்ட்டில் எழுதியிருந்தார்கள். நாலடி தள்ளி உட்கார்ந்தால் உரிமம் ரத்து. சுவர் விழுந்த நேரத்தில் சாவிக்காரர் எதிர்ச் சாரியில் ஒரு வீட்டுப் பூட்டைத் திறக்கப் போயிருந்தார். ஸ்கூல் விட்டு வந்து அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயது மகள் அடியில் போய்விட்டாள்.

சுவர் சாய்கிறது என்று அவர் ஏழு முறை போன் செய்திருந்தார். ஏழாவது அழைப்பில் புகார் மூடப்பட்டது. 'தீர்ந்தது' என்று. அவருடைய வாயாலேயே.

அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை புகாரை அதிகாரிகளே இஷ்டத்துக்கு மூடிக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் பள்ளம் அப்படியே இருக்கும், ஃபைலில் நிரம்பியிருக்கும். ஜனங்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் மாநகராட்சிப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள் உட்கார்ந்து ஒரு விதியை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். புகார் கொடுத்தவர் தன் குரலில் 'ஆமா, தீர்ந்தது' என்று சொல்லாமல் எந்தப் புகாரையும் மூடக் கூடாது. அந்த ஒன்பது நாளும் கடையை மூடிவிட்டு அட்டையைத் தூக்கிப் பிடித்தவர்களில் சாவிக்காரரும் ஒருவர். பேப்பரில் போட்டோகூட வந்தது.

விதி வந்த ஒரே மாதத்தில் அதற்கு வழியும் வந்தது.

கண்டுபிடித்தவர் புகார் மையத்தின் சூபர்வைசர். எப்போதும் சுவர்த் திரையில் ஓடும், மூடிய புகார்களின் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவருக்கு மீட்டர் என்று பெயர். பதினான்கு பேரையும் சுற்றி நிற்க வைத்து அவர் வகுப்பு எடுத்தார்.

"பேசிக்கிட்டே இருங்க. போன்ல ஸ்டார் பட்டனை அழுத்துன நொடியிலிருந்து எதிராளி சொல்ற முதல் வார்த்தைதான் சான்றுத் துண்டு. அதை மெஷின் தனியா எடுத்து வெச்சுக்கும். முன்னாடி 'உங்கள் புகார் தீர்ந்ததா?'ன்னு ரெக்கார்டு பண்ண கேள்வியை அதுவே ஒட்டிக்கும். நீங்க என்ன கேட்டீங்கங்கறது துண்டுல வராது. பதிலைப் பதியணும்னுதான் விதியில இருக்கு. கேள்வியைப் பதியணும்னு எங்கயாவது இருக்கா?"

பதினான்கு பேரும் சுவரில் ஓடிய எண்ணிக்கையைப் பார்த்தார்கள்.

"அப்ப வேலையைப் பாருங்க."

அவ்வளவுதான். 'சார், லைன்ல இருக்கீங்களா?' 'ஆமா.' ஒரு புகார் குளோஸ். 'அந்தப் பக்கம் வெயில் ஜாஸ்தியோ?' 'ஆமாங்க.' இன்னொன்று குளோஸ். ஏழாம் மேஜைக்காரி, 'சாப்டாச்சாம்மா?' என்று கேட்டே ஒரு நாளில் அறுபது சாக்கடைகளைச் சுத்தம் செய்தாள். மாதக் கடைசியில் அவளுக்குக் கைதட்டல். மாநகராட்சிக்கு மேலிடத்திலிருந்து ஒரு கேடயம்.

சாவிக்காரரின் ஏழாவது அழைப்பை எடுத்தது பதினொன்று. அவரிடம் அவள் என்ன கேட்டு அந்த 'ஆமா'வை வாங்கினாள் என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இப்போது அவளுடைய உள்ளங்கையில் இருக்கும் டிரைவுக்கும்.

முதல் மாடித் திருப்பத்தில் மீட்டர் நின்றுகொண்டிருந்தார். படியேறி வந்தவர் மாதிரி இல்லை. காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததை இப்படியா நசுக்குவாங்க?" அவர் குரலை உயர்த்தவில்லை. "சரி, கேட்டுக்க. அதுல இருக்கறது யார் குரல்? என் குரலா?"

"சொல்லிக் கொடுத்தது நீங்க."

"எழுத்துல இருக்கா?"

அவள் டிரைவை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"அதை அங்க போட்டுக் காட்டு. நான் தடுக்கல. உனக்கு முதல்ல போலீஸ். அப்புறம் மத்த பதிமூணு பேருக்கும். ஏழாம் மேஜைக்காரிக்கு ரெட்டைப் பிள்ளைங்க, தெரியும்ல? ரெண்டு வருஷத்துல மூடுன அத்தனை புகாரும் மறுபடி திறக்கும். இவ்வளவும் எதுக்கு? அந்தப் பொண்ணு எழுந்து வரப் போகுதா?"

"சார்..."

"வேலை நிரந்தரம் ஆகறவங்க லிஸ்ட் சாயந்திரம் ஒட்டுறாங்க. ஏழாவது பேரு உன்னோடது. கையெழுத்து ஆயாச்சு, நானே பார்த்தேன்." அவள் முழங்காலைப் பார்த்தார். "ரத்தத்தைத் தொடச்சுட்டு வா. கூட்டத்துல அசிங்கமா இருக்கும்."

காலையில் கிளம்பும்போது அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. 'எட்டு வருஷமா ஹெட்செட் மாட்டி காது தேஞ்சதுதாண்டி மிச்சம். இந்த வாட்டியும் நிரந்தரம் இல்லன்னா, என் புருஷன் முகத்துல நான் எப்படி முழிக்கறது? எத்தனை நாளைக்கு உன்னை இங்க வெச்சுக்கறது?'

அவள் ரத்தத்தைத் துடைத்தாள். டிரைவைக் கீழே போடவில்லை.

அரங்கத்தில் நாற்பது ஐம்பது பேர். எல்லாரும் அந்தத் தெருக்காரர்கள். ஜெராக்ஸ் கடைக்காரர், இஸ்திரிக்காரர், பார்மசிக்காரர். மேடையில் துணை ஆணையர் அம்மா, பக்கத்தில் செக்‌ஷன் எஞ்சினியர். முன்வரிசையில் சாவிக்காரர். அவர் பக்கத்தில் அவர் மனைவி, முதுகு நாற்காலியில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சாவிக்காரர் மைக்கைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது, அவர் ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருக்கிறார்.

"ஏழு தடவை போன் பண்ணேங்க. தேதி வாரியா எழுதி வெச்சிருக்கேன். முதல்ல பேனா போற விரிசல். அப்புறம் விரல் போற விரிசல். ஒருத்தர்கூட வந்து பார்க்கல. இதுக்கு யார் பொறுப்பு? அதை மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

பின்வரிசையில் இஸ்திரிக்காரர் எழுந்தார். "பதில் சொல்லாம ஒருத்தரையும் வெளிய விடமாட்டோம்!" கூட்டம் மொத்தமும் 'ஆமா ஆமா' என்றது. நாற்காலிகள் நகர்ந்தன.

துணை ஆணையர் அம்மா கையைக் காட்டி அமர்த்தினார். கோபமே இல்லாத முகம். "உங்க துக்கத்துல நாங்களும் பங்கெடுத்துக்கறோம். ஆனா ஏழும் எங்க பதிவுல இருக்கு. ஏழாவது தடவை, பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு நீங்களே உங்க வாயால சொல்லியிருக்கீங்க."

"நானா?"

"போடுங்க."

ஸ்பீக்கர் கரகரத்தது. வெண்ணெய் தடவிய மெஷின் குரல் கேட்டது. 'உங்கள் புகார் தீர்ந்ததா?'

உடனே சாவிக்காரரின் குரல். 'ஆமா!'

சந்தேகத்துக்கே இடமில்லை. அவர் குரல்தான். அதுவும் சாதாரண 'ஆமா' இல்லை. மனசு நிறைந்து, வாய் கொள்ளாத சிரிப்போடு வந்த 'ஆமா'.

 பிறகு ஜெராக்ஸ் கடைக்காரர், "இன்னொரு வாட்டி போடுங்க," என்றார்.

போட்டார்கள். 'ஆமா!'

"சிரிச்சுக்கிட்டே சொல்றான்யா," என்றார் யாரோ.

"ஏம்பா, நாங்க உனக்காக வேலை வெட்டியை விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கோம். நீ என்னமோ சம்பந்தி வீட்டு ஆளுகிட்டப் பேசற மாதிரி ஆமாங்கற?" நின்றுகொண்டிருந்த இஸ்திரிக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

"இது நான் சொன்னது இல்லைங்க. அதாவது குரல் என்னோடதுதான். ஆனா இந்த மெஷினு என்கிட்டப் பேசவே இல்லை. ஒரு அம்மா பேசுனாங்க. சுவரு சரியாச்சுன்னு நான் எப்படிங்க சொல்லுவேன்? அதுக்கடியிலதானே நான் உட்கார்ந்திருந்தேன்? என் புள்ள உட்கார்ந்திருந்துச்சு?"

"அப்ப ஏன் சிரிச்ச?"

கேட்டது அவர் மனைவி. கூட்டம் தொடங்கியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

"தெரியலையே... ஏழு தடவை பேசுனேன், எந்தத் தடவை என்ன பேசுனேன்னு குழம்புது..."

"பெத்த புள்ள மேல விழப்போற சுவரைப் பத்திப் பேசறப்போ, உனக்கு எப்படிய்யா அப்படி ஒரு சிரிப்பு வந்துச்சு?"

 அவர் மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டார்; சட்டையில் அது உரசுவது ஸ்பீக்கரில் மழை மாதிரி கேட்டது. செக்‌ஷன் எஞ்சினியர் தன் ஃபைலை மூடி, பேனாவுக்கும் மூடி போட்டார்.

துணை ஆணையர் அம்மா பக்கவாட்டில் திரும்பினார். "அன்னைக்கு இவர்கிட்டப் பேசுன பணியாளர் வந்திருக்காங்களா?"

மீட்டர் பதினொன்றின் முதுகை லேசாகத் தொட்டார். அவள் முன்னால் வந்தாள். கைக்குள் டிரைவின் விளிம்பு தோலில் பதிந்திருந்தது. அதை நீட்ட ஒரு விநாடி போதும். ஸ்பீக்கரில் செருகும் ஓட்டை இரண்டடி தூரத்தில் இருந்தது.

சாவிக்காரர் அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கும் முன்பே அவர் பேசினார்.

"நீங்களாம்மா? அன்னைக்கு நீங்கதான் பொறுமையா காது கொடுத்துக் கேட்டீங்க. மத்தவங்க எல்லாம் பாதியிலயே வெச்சுடுவாங்க. நீங்க அன்பா பேசுனீங்க. அது மட்டும் ஞாபகம் இருக்கு." அவர் கைகூப்பினார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க என்ன கேட்டு நான் ஆமான்னேன்? நான் நெஜமாவே அப்படிச் சொல்லியிருந்தா, சொன்னேன்னு சொல்லிடுங்க. இல்லன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதை நான் எடுத்துக்கறேன்."

எத்தனையோ விதமாக அவள் பயந்திருந்தாள். திட்டுவார், அடிக்க வருவார், கையைப் பிடித்து உலுக்குவார் என்றெல்லாம். இது அவள் கணக்கில் இல்லை. அவளை நம்புகிறார். அவள் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டுக் கழுத்தையும் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

நம்புகிறவரிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்பதை அந்த நிமிஷத்தில் அவள் தெரிந்துகொண்டாள்.

"சுவர் சரியாயிடுச்சான்னு கேட்டேன் மேடம். ஆமான்னாரு."

"தெளிவா கேட்டீங்களா?"

"ரெண்டு வாட்டி கேட்டேன் மேடம்."

அந்த 'ரெண்டு வாட்டி'யை யாரும் அவளிடம் கேட்கவில்லை. மீட்டர்கூட ஒரு கணம் புருவத்தைத் தூக்கினார். பிறகு திருப்தியாகத் தலையாட்டினார்.

சாவிக்காரர் மெல்லத் தலையை ஆட்டினார். யாரோ வழி சொன்னதைக் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது அது. "அப்ப நான்தான்," என்றார். "நான்தான் சொல்லியிருக்கேன். என்ன நெனப்புல இருந்தேனோ."

அவர் மனைவி எழுந்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "கொன்னுட்டியே," என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் வெளியே போக கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் பின்னாலேயே தெருக்காரர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பார்மசிக்காரர் மட்டும் நின்று சாவிக்காரரின் தோளைத் தொடப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, கையைத் திருப்பிக்கொண்டு தன் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

துணை ஆணையர் அம்மா நகரவில்லை. விதி இன்னும் முடியவில்லை.

"ஒரு நிமிஷம். விளக்கக் கூட்டத்தையும் உங்க குரல்லதான் முடிக்கணும். நீங்கள்லாம் போராடி வாங்குன விதிதான். விளக்கம் கிடைச்சுதா?"

அவர் உதடு அசைந்தது.

"மைக்கைக் கிட்ட வெச்சுச் சொல்லுங்க. பதிவாகல."

"ஆமா," என்றார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

"ஆமாங்க."

"நன்றி," என்றார் அம்மா. எஞ்சினியர் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

சாயந்திரம் லிஸ்ட் ஒட்டினார்கள். ஏழாவது பெயர் அவளுடையதுதான். எட்டு வருஷத்தில் முதல் முறையாக அவளுடைய முழுப் பெயரை அந்தக் கட்டடத்தின் சுவரில் பார்த்தாள். ஏழாம் மேஜைக்காரி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "ட்ரீட் எப்படி பதினொண்ணு? இனிமே உன்னை மேடம்னு கூப்பிடணுமோ?" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அக்காவுக்கு போன் செய்தாள். அக்கா அழுதாள்.

எல்லாரும் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது மேஜைக்குத் திரும்பி டிரைவைச் செருகினாள். திரை கேட்டது, 'நிச்சயமாக அழிக்க வேண்டுமா?' மேலே நான்காவது மாடியில் அசல் காலையிலேயே அழிந்துவிட்டது. இனி உலகத்தில் இது ஒன்றுதான்.

அழிக்கும் முன் ஒரே ஒரு முறை கேட்டுவிடலாம் என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

'...இன்னைக்கு விரலே போகுதும்மா. யாரையாவது சீக்கிரம் அனுப்புங்கம்மா.'

'எழுதிக்கிட்டேங்க. எஞ்சினியர் வருவாரு.'

'இதேதான் போன வாட்டியும்...'

பின்னால் மெஷின் சத்தம் நிற்கிறது. ஸ்டூல் இழுபடுகிறது. ஒரு சின்னக் குரல், கிட்டத்தில், கிட்டத்தில், போனுக்குள்ளேயே வந்துவிட்ட மாதிரி.

'அப்பா, குடுப்பா, நான் சொல்றேன்! ஹலோ மேடம், எங்க சுவரு ரொம்ப சாஞ்சு போச்சு. நாங்க இங்கதான் உட்கார்ந்திருக்கோம். நீங்க நாளைக்கே வந்து கட்டிக் குடுத்துடுங்க. சரியா? மறந்துடாதீங்க!'

ஸ்டார் அழுத்தும் சத்தம்.

'அடேங்கப்பா, என்ன அழகா பேசறா! உங்க பொண்ணுங்களா?'

'ஆமா!'